ஃபோனே கையில் இருக்கும்போது ஸ்கூலில் கம்ப்யூட்டர் பாடம் எதுக்கு?

கேள்வி: +1 பையனின் அப்பா, 11.6.2024

பையனுக்கு அட்மிஷன். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஏழு வயசுல இருந்து ஃபோனும் கையுமா இருக்கான். எனக்கு ஜிபே போட்டுக் கொடுத்ததே இவன்தான். தெரிஞ்சதையே ரெண்டு வருஷம் சொல்லிக் கொடுக்க ஒரு பாடமா? பயாலஜி எடுத்தா நர்சிங், பார்மசினு ஒரு வழி இருக்கு. பள்ளிக்கூடத்துல இருக்கறவங்க யாராவது உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

செஞ்சி டீச்சர், 11.6.2024, இரவு

செஞ்சிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கிறேன். 2019-இல் 814 இடத்துக்கு நடந்த தேர்வில் தேறி வந்தவள். அதற்கு முன் எட்டு வருஷம் தனியார் பள்ளி.

உங்க பையனுக்கு ஜிபே தெரியும், சரி. ஃபைல் தெரியுமா, கேட்டுப் பாருங்க.

ஒவ்வொரு ஜூனிலும் நான் செய்வது இது. முதல் நாள் லேபில் பெயர், ஊர், அப்பா அம்மா பெயர், நாலு வரி டைப் அடித்து சேவ் பண்ணிவிட்டு வரச் சொல்வேன். மறுநாள் அதைத் திறக்கச் சொல்வேன். போன வருஷம் 38 பேரில் 9 பேர்தான் திறந்தார்கள். மற்றவர்கள் திருதிருவென்று முழிக்கிறார்கள். ஒருத்தன், "கேலரில எல்லாம் பார்த்துட்டேன் மிஸ், இல்ல" என்றான். கம்ப்யூட்டரில் கேலரியை எங்கே போய்த் தேடினானோ! இன்னொருத்தி மானிட்டரை விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். சிரிக்கக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டேன், பக்கத்துப் பெஞ்சு சிரித்துவிட்டது.

ஃபோனில் எதையும் சேவ் பண்ண வேண்டியதில்லை. தானே சேவ் ஆகிறது, தானே ஒரு இடத்தில் போய் உட்காருகிறது. எங்கே என்று இவர்களை யாரும் கேட்டதில்லை. அதனால்தான் பாடம் வேணும் என்கிறேன். சேர்த்து விடுங்க.

12.6.2024

தனியார் பள்ளியில் இப்படி இருக்காதே என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். நான் வேலை பார்த்த இடத்தில் இருந்தது. அங்கே சிரிக்க மாட்டார்கள், ட்யூஷனில் கற்றுக்கொண்டு வந்துவிடுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

16.6.2024, ஞாயிறு

புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டவருக்கு.

2018-க்கு முன்னால் படித்தவர்களுக்கு +2 என்றால் ஸ்டார் ஆபீஸ் (டைப் அடிக்க, கணக்குப் போட ஒரு சாஃப்ட்வேர்) ஒரு புத்தகம், சி++ என்ற புரோகிராம் மொழி ஒரு புத்தகம். சி++ எழுத நீலத் திரை டர்போ சி. 'வாய்ட் மெயின்' போட்டு 'கிளியர் ஸ்கிரீன்' போட்டால் பாதி வேலை முடிந்தது. 200 மார்க்கில் பிராக்டிகல் 50. அந்த 50-ஐ யாரும் இழந்து நான் பார்த்ததில்லை.

2018-இல் +1, அடுத்த வருஷம் +2, புத்தகம் மொத்தமாக மாறியது. இப்போது +1-இல் எண் முறைகள், இயக்க அமைப்பு, அப்புறம் ஒரு பகுதி முழுக்க கணக்கை எப்படிப் பிரித்து யோசிப்பது, அதற்கப்புறம் சி++. +2-வில் பைத்தான் என்ற இன்னொரு மொழி, டேட்டாபேஸ், அதிலிருந்து தகவல் எடுக்க எஸ்.க்யூ.எல். மோசமான புத்தகம் என்று சொல்ல மாட்டேன். கல்லூரியில் நான் படித்ததை விட நன்றாகவே யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

வேகம்தான் பிரச்சினை. ஜூனில் ஃபைலைத் தொலைத்த பிள்ளைக்கு ஜனவரியில் சி++-இன் மரபுரிமம், பல்லுருவாக்கம், உறை பொதியாக்கம் மாதிரி கனமான கருத்துகள். தமிழ் மீடியம் பிள்ளைகள் இந்தச் சொற்களைச் செய்யுள் மாதிரி ஒப்பிப்பார்கள். சொல் நல்ல சொல்தான். அதற்கு அடியில் கைப்பழக்கம் இல்லை.

சில சொல் தானாகவே பாடம் நடத்திவிடும், அதையும் சொல்லணும். 'ஆக்கி', 'அழிப்பி' என்று இரண்டு உண்டு. புரோகிராமில் பொருள் (ஆப்ஜெக்ட்) ஒன்று உருவாகும்போது ஆக்கி தானே ஓடும், அது முடியும்போது அழிப்பி ஓடும். போர்டில் எழுதி முடிக்கவில்லை, பின் பெஞ்சிலிருந்து குரல்: "ஆக்கி பிரம்மா, அழிப்பி சிவன், விஷ்ணு எங்க மிஸ்?" வகுப்பே கொல்லென்றது. நான் ஒரு நிமிஷம் யோசித்து, "ஆக்கிக்கும் அழிப்பிக்கும் நடுவுல இருக்கிற வரியெல்லாம் விஷ்ணுதான்டா" என்றேன். பரீட்சையில் அந்தக் கேள்வியை எவரும் தப்பாக எழுதவில்லை.

18.6.2024

முதல் பதிவுக்குத் திருத்தம். இரண்டு.

ஒன்று, பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 38-இல் 9 இல்லை, 11.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இங்கே ஒருத்தர் சாதாரணமாகக் கேட்டார்: "மறுநாள் அதே கம்ப்யூட்டர்லதான் உட்கார வச்சீங்களா?"

இல்லை. லேபில் 20 மிஷின், 38 பேர். ஒரு நாள் ரோல் நம்பர்படி, மறுநாள் வந்த வரிசைப்படி. பாதிப் பிள்ளைகள் சேவ் பண்ணியது வேறு மிஷினில் பத்திரமாக இருந்திருக்கும். நான் அவர்களை வேறு இடத்தில் உட்காரவைத்து "எங்கே உன் ஃபைல்" என்று அதட்டியிருக்கிறேன். வருஷா வருஷம்!

அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினேனே, அதுவும் சரியில்லை. ஃபோன் மாற்றினாலும் மெயில் ஐடி போட்டதும் ஃபோட்டோ, நம்பர் எல்லாம் பின்னாலேயே வந்துவிடுகிறது. ஆள் எங்கே போனாலும் பொருள் கூடவே வரும் என்பது அவர்கள் கணக்கு. நான் டிரங்குப் பெட்டி கணக்கில் இருக்கிறேன், பெட்டி இருக்கும் இடத்தில்தான் துணி இருக்கும். இரண்டும் நிஜம்தான்.

அந்த அப்பாவுக்கு: பையனைச் சேருங்க என்பதில் மாற்றமில்லை. காரணம்தான் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

11.8.2024, ஞாயிறு

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. லேபே பாதி நாள் எனக்குக் கிடைப்பதில்லை. ஏதாவது பதிவேற்ற வேலை, இல்லையென்றால் ஆன்லைன் தேர்வு. சாவியை வைத்திருப்பதால் வாட்ச்மேன் உத்தியோகமும் எனக்குத்தான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் +2 முடித்த பையன், 165-க்கு மேல் கட் ஆஃப், சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டான். முகம் வெளிறிப் போயிருக்கிறது. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கல்லூரி வரிசை கொடுக்கணும், உள்ளே போக முடியவில்லை. பாஸ்வேர்ட் தெரியாது. மாற்றலாம் என்றால் லிங்க் மெயிலுக்குப் போகிறது.

"மெயிலைத் திற."

"அது என்னுது இல்ல மிஸ்."

"யாருது?"

"பிரவுசிங் சென்டர் அண்ணனுது."

விண்ணப்பம் போட்ட அன்றைக்கு அந்த அண்ணனே ஒரு மெயில் ஐடி உண்டாக்கி, பாஸ்வேர்டும் அவரே வைத்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பையன் பெயர்தான் ஐடியில் இருக்கிறது, பையனுக்கு அதில் ஒரு உரிமையும் இல்லை. கடைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஆடி மாசம், அவர் ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள், கடை மூன்று நாள் லீவு.

யூகித்துப் போட்டுப் பார்த்தோம். பையன் பெயர், 123. இல்லை. பிறந்த தேதி. இல்லை. கடைசியில் பையனே சொன்னான்: "மிஸ், கடை பேரு போட்டு @123 போடுங்க." திறந்தது. ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வயிற்றைக் கலக்கியது. அப்படியானால் அந்த நோட்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் அதே பாஸ்வேர்ட்தானே?

அந்த அண்ணனைத் திட்டாதீங்க. விண்ணப்பம் போடத் தெரியாத ஊருக்கு அவர்தான் கை. பிள்ளைகளிடம் ஐடி இல்லை, அவர் உண்டாக்கினார். ரெண்டு வருஷம் எங்கிட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பையன் அவன். தற்சுழற்சி (ஒரு செயல் தன்னையே திரும்ப அழைப்பது) கேட்டால் எழுதுவான். சொந்தமாக ஒரு மெயில் ஐடி வைத்துக்கொள்ள நான் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் சிலபஸில் இல்லை, அது தெரிந்திருக்கும் என்று நானும் உங்களை மாதிரியே நினைத்துவிட்டேன்.

12.8.2024

பதில் போட்டவர்களுக்கு ஒரே பதில். ஆமாம், பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிட்டோம். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். "நல்லதாப் போச்சு டீச்சர், நோட்டு கிழிஞ்சிடுச்சு" என்றார்.

19.8.2024

இந்த வாரம் +1-இல் சி++ அத்தியாயத்தை ஓரம் கட்டிவிட்டு ஆளுக்கொரு மெயில் ஐடி போடும் வேலையில் இறங்கினேன். ஒரு பீரியட் போதும் என்று நினைத்தேன். நாலு பீரியட் ஆகியும் முடியவில்லை.

ஐடி போட ஒரு ஃபோன் நம்பர் கேட்கிறது. ஃபோன் அப்பாவிடம், அப்பா பெங்களூரில் கட்டட வேலையில். ஓ.டி.பி. வந்ததும் சொல்லுங்க என்று லேபில் நின்று போன் போட்டால், அந்தப் பக்கம் கலவை மிஷின் சத்தத்தில் "என்னா நம்பரு?" என்கிறார். அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. என் நம்பரையே கொடுத்தேன், நாலு பேருக்கு மேல் ஏற்கவில்லை.

பெண் பிள்ளைகள் கதை தனி. முக்கால்வாசிப் பேருக்குச் சொந்த ஃபோன் இல்லை. ஒருத்தி அண்ணன் ஃபோனில் ஏற்கெனவே ஐடி வைத்திருந்தாள். அண்ணன் போட்டுக் கொடுத்தது, அந்த ஃபோனில் எப்போதும் திறந்தே இருக்கும். புதுசாக ஒன்று போடு என்றதும் மெதுவாகச் சொன்னாள்: "எதுக்கு இன்னொன்னுனு அண்ணன் கேக்கும் மிஸ்."

அதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. யோசித்து, ஸ்கூல் லெட்டர் மாதிரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய், கல்லூரி விண்ணப்பம், ஸ்காலர்ஷிப், எல்லாவற்றுக்கும் மாணவியின் பெயரில் தனி மெயில் ஐடி தேவை, பாஸ்வேர்ட் மாணவியிடம் மட்டும் இருக்க வேண்டும், இப்படிக்கு கணினி ஆசிரியை. ஹெட்மாஸ்டர் சீலும் குத்திக் கொடுத்தார். மறுநாள் ஓ.டி.பி. வந்தது. சீலுக்கு இருக்கும் மரியாதை!

கொஞ்சம் பொய் கலந்த லெட்டர்தான், ஒத்துக்கொள்கிறேன். மெயில் இல்லாவிட்டால் 1000 ரூபாய் வராது என்று எந்த விதியும் இல்லை. திட்டத்தின் பெயரை முன்னால் நிறுத்தி அண்ணனைத் தாண்டினேன்.

25.8.2024

ஒரு நல்ல செய்தியும் போடலாம். புதன்கிழமை கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் எடுத்த கம்ப்யூட்டர் பாடம் இந்த வருஷத்தின் சிறந்த பாடமாகிவிட்டது.

+1 புத்தகத்தில் ஒரு பச்சோந்திக் கணக்கு உண்டு. மூன்று நிறப் பச்சோந்திகள். வேறு வேறு நிறமுள்ள இரண்டு சந்தித்தால் இரண்டுமே மூன்றாவது நிறத்துக்கு மாறிவிடும். எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கணும். சார்ட் பேப்பரைக் கிழித்துப் பிள்ளைகள் சட்டையில் குத்தி, வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். சிவப்பு 3, நீலம் 4, பச்சை 2. ஐந்தே சந்திப்பில் எல்லாரும் பச்சை. ஒரே கைதட்டல்.

26.8.2024

"ராத்திரி பதினொரு மணி வரைக்கும் புளியங்கொட்டை வச்சுப் போட்டுப் பார்த்தேன், 3-4-2 வரவே மாட்டேங்குது" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். மன்னிச்சிடுங்க. அது வரவே வராது. அன்றைக்கு நின்றது சிவப்பு 2, நீலம் 5, பச்சை 3, மொத்தம் பத்து பேர். நான் ஞாபகத்தில் எழுதி உளறிவிட்டேன்.

ஏன் வராது என்பதுதான் அந்தப் பாடமே. ஒரு சந்திப்பில் இரண்டு நிறம் ஒவ்வொன்று குறையும், மூன்றாவது இரண்டு கூடும். அதனால் எந்த இரண்டு நிறத்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் 3 மாறும். எல்லாம் ஒரே நிறம் என்றால் மற்ற இரண்டும் பூஜ்யம், வித்தியாசமும் பூஜ்யம். ஆக, முதலிலேயே ஏதாவது இரண்டு நிறத்தின் வித்தியாசம் 0, 3, 6 என்று இருந்தால்தான் முடியும். 3, 4, 2-இல் வித்தியாசம் 1, 1, 2. ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் முடியாது.

2, 5, 3-இல் சிவப்புக்கும் நீலத்துக்கும் 3. ஒரு நீலமும் ஒரு பச்சையும் சந்தித்தால் 4, 4, 2. அப்புறம் சிவப்பும் நீலமும் நாலு ஜோடியாகக் கைகுலுக்க வேண்டியதுதான்.

புளியங்கொட்டைக்காரருக்கு என் வகுப்பில் ஒரு சீட் உண்டு.

6.10.2024

தமிழ் டைப்பிங் பற்றிக் கேட்டிருந்தார்கள். நான் தமிழ்99 கட்சி. 1999-லேயே தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை, உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும்.

பிள்ளைகள் கட்சியே வேறு. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் ஃபோனே மாற்றிக் கொடுக்கிறது. அதைவிட, மைக்கை அமுக்கிப் பேசிவிடுகிறார்கள். ஊருக்கு டவுன் பஸ் கேட்டு மனு எழுதச் சொன்னேன். நான் தமிழ்99-இல் முதல் பத்தி முடிப்பதற்குள் ஒருத்தன் மைக்கில் பேசி முழு மனுவையும் முடித்துவிட்டான். படித்துப் பார்த்தால் 'பேருந்து' எல்லாம் சரியாக இருக்கிறது, 'ஏழரை மணி' மட்டும் 'ஏழரைச் சனி' ஆகிவிட்டது. அந்த பஸ்ஸுக்குப் பொருத்தம்தான் என்று வகுப்பு தீர்மானித்துவிட்டது.

தமிழ்99 இன்னும் சொல்லிக் கொடுக்கிறேன். முன்பு போல் சண்டை போடுவதில்லை.

8.12.2024

ஃபெஞ்சல் புயலுக்கப்புறம் எங்க பக்கம் எப்படி என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, நீங்களும் படித்திருப்பீர்கள். எங்கள் லேபில் தரையில் இருந்த யுபிஎஸ் மட்டும் போச்சு. மிஷின்கள் மேஜை மேல் இருந்ததால் பிழைத்தன.

அந்த இரண்டு நாளும் எல்லா குரூப்பிலும் ஒரு ஆடியோ சுற்றியது. "ஏரி உடைஞ்சிடுச்சு, உடனே கிளம்புங்க." மேலே இரட்டை அம்புக்குறி, பல கை மாறி வந்தது. என் +1 பெண் ஒருத்தி (அண்ணன் கேக்கும் என்றவளேதான்) வகுப்பு குரூப்பில் ஒரே கேள்வி போட்டாள்: "எந்த ஏரி? பேரு சொல்லல, தேதி சொல்லல." அதற்கப்புறம் அந்த ஆடியோவை யாரும் அந்த குரூப்பில் போடவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததா என்றால் இல்லை. எனக்கே அந்த நேரத்தில் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

2.1.2025

அரையாண்டு லீவில் ஒரு +2 பையன் ஃபோனிலேயே பைத்தான் ஆப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். ஃபோன் இருந்தால் படிப்பு கெடும் என்று ஸ்டாஃப் ரூமில் முழங்கியவள் நான்தான். இங்கே பதிவாகட்டும்.

அவன் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். காலை எவ்வளவு, மாலை எவ்வளவு, என்ன விலை, பத்து நாளுக்கு ஒருமுறை எவ்வளவு வரணும் என்று கணக்குப் போட ஒரு புரோகிராம். பதறிப்போய் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். காலை 4.5, மாலை 3.5. மொத்தம் 4.53.5 லிட்டர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பைத்தான் உள்ளே வாங்குவதையெல்லாம் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். நீ எண்ணாக மாற்றாவிட்டால், கூட்டு என்றால் பக்கத்தில் ஒட்டிவிடும். +1-லிருந்து 'தரவினம்', அதாவது டேட்டா எந்த வகை, என்று நான் கரடியாய்க் கத்திய விஷயம். பதிலே அனுப்பவில்லை, "எண்ணா எழுத்தா?" என்று மட்டும் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் அடுத்த ஸ்கிரீன்ஷாட்: 8.0. அதற்குக் கீழே, "அம்மா சொசைட்டி அட்டையை எடுத்துட்டு வந்து ஒண்ணொண்ணா சரி பாக்குது மிஸ்."

9.2.2025

பிராக்டிகல் வாரம், விரிவாக எழுத நேரமில்லை. பிள்ளைகள் புரோகிராமை மனப்பாடமாக வந்து அடிக்கிறார்கள். பால் கணக்குப் பையன் உட்பட. 20 மார்க், யார் ரிஸ்க் எடுப்பார்கள்? நானும் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஜூனில் முதல் பாடம் சேவ் பண்ணுவது இல்லை, மெயில் ஐடி. அதை மட்டும் முடிவு பண்ணிவிட்டேன். ஃபைல் இரண்டாவது வாரம், அதே மிஷினில்.

கேள்வி போட்ட அப்பா நேற்று எட்டு மாசம் கழித்து எழுதியிருக்கிறார். அப்படியே போடுகிறேன்: "டீச்சர், பையனை கம்ப்யூட்டர்லயே சேர்த்துட்டேன். இந்த இழையை அவன்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவன் என் ஃபோனை வாங்கி, அப்பா உங்க மெயில் ஐடி பாஸ்வேர்ட் என்னன்னு கேக்கறான். எனக்குத் தெரியாது. ஃபோன் வாங்கின கடையில அந்தத் தம்பிதான் போட்டுக் கொடுத்தாரு. ஜிபே ரசீது, எல்ஐசி எல்லாம் அதுக்குத்தான் வருது. இப்ப என்ன பண்ணட்டும்?"

திங்கட்கிழமை காலையிலேயே கடைக்குப் போங்க. பில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்க. புதுப் பாஸ்வேர்டை அந்தத் தம்பி கையில் ஃபோனைக் கொடுத்து அடிக்கச் சொல்லாதீங்க. பையனைக் கூட்டிப் போங்க, ஆனால் அடிக்கும்போது அவனையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்க.